இடியப்பத்துக்கு நேரம் ஒதுக்காத பயணத் திட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் பயணத் திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. சிட்னியிலிருந்து சூரிச் வரை உள்ள என் சொந்தக்காரர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

தங்கை நளினியின் மகளுக்கு சூரிச்சில் கலியாணம். பிள்ளை சின்னதாக இருந்தபோதே நளினியின் கணவர் இறந்துவிட்டார். புருசன் இல்லாதவள் மகளைத் தாரை வார்க்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம் (யார் போட்ட சட்டமோ). ஆகவே அண்ணனாகிய நானும் என் மனைவி சுகந்தியும்தான் தாரை வார்க்க வேண்டும். எப்படியாவது நேரத்துக்கு வந்துவிடச் சொல்லி நளினி போனில் அழாத குறை.

சிட்னியிலிருந்து நேரே சூரிச்சுக்கு டிக்கெட் எடுப்போம் என்றாள் சுகந்தி. அது சோம்பேறிகளின் வேலை. தினமும் வேலைக்குப் போக எங்கள் ஊர் ஹோம்புஷில் ஏறி, ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்கி, அடுத்த ரயிலை ஓடிப் பிடிக்கிறவன் நான். எனக்கு ஐரோப்பா எம்மாத்திரம்? லண்டன் வரை விமானம், அங்கிருந்து பாரிஸுக்கு ரயில், பாரிஸில் ஸ்டேஷன் மாறி சூரிச்சுக்கு இன்னொரு ரயில். திரும்பும்போது மிலானுக்கு பஸ், அங்கிருந்து லண்டனுக்கு மலிவு விமானம். அலுவலகத்தில் இருந்துகொண்டு அலுவலக வேலையை விட இதைத்தான் அதிகம் செய்தேன். பெருமை தாங்காமல் முழுத் திட்டத்தையும் நேர விவரத்தோடு குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

"இதை ஏன் எல்லாருக்கும் போட்டனீங்கள்?" என்றாள் சுகந்தி. "வழியில இருக்கிற சனமெல்லாம் சாப்பாட்டோட வந்து நிக்கப் போகுதுகள்."

பாரிஸில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால், சுகந்தியின் சித்தப்பா மகன் ரவி சிரித்துக்கொண்டு நிற்கிறான். வீடு பக்கத்தில், லாச்சப்பலில்தானாம். எங்களுக்கு அடுத்த ரயில் வரை அவகாசம் இருப்பதை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு அவன் மனைவி இடியப்பம் அவித்து வைத்திருக்கிறாளாம்.

"அத்தான், வாசல் வரைக்கும் வந்திட்டுக் கை நனைக்காமப் போறதோ?"

போகாவிட்டால் தலைமுறைக்கும் பகை. போனோம். இடியப்பம், சொதி, ஆட்டுக்கறி. இன்னும் இரண்டு என்று அவள் வைக்க, போதும் என்று நான் கையால் மறிக்க, மறுபடி அவள் வைக்க, சூரிச் ரயில் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. (சொதி அருமை. அதை நான் மறுக்கவில்லை.)

மற்ற ரயில்களில் இடமில்லை. தாங்களும் கலியாணத்துக்குத்தான் வேனில் புறப்படுகிறோம், ஏறுங்கள் என்றான் ரவி. என் திட்டத்தைக் கெடுத்தவனின் வேனில் நான் ஏறுவதா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போனைத் தட்டி, சுவிஸ் எல்லையில் உள்ள பாசல் வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று புதுத் திட்டம் போட்டேன். எல்லையில் யாருடைய பாஸ்போர்ட்டிலோ சந்தேகம் வந்து பஸ்ஸை மறித்துவிட்டார்கள். தாரை வார்க்கும்போது உடுத்தக் கொண்டுவந்த தன் கூறைச் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுகந்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாங்கள் மண்டபத்துக்குள் ஓடியபோது தாலி கட்டி முடிந்திருந்தது. நடந்ததை ரவிதான் சொன்னான். முகூர்த்தம் போகிறதென்று தவித்த ஐயர், வேறு யாராவது தம்பதி வாருங்கள் என்று கூப்பிட்டாராம். ரவியும் மனைவியும் எழும்ப, மணவறையில் இருந்த பிள்ளை மறித்துவிட்டாளாம்.

"என்னை வளர்த்தது அம்மா. அம்மா தாரை வார்க்கட்டும்."

நளினி போய்த் தாரை வார்த்தாளாம்.

நான் நளினியிடம் போய் பஸ்ஸையும் எல்லைக் காவலரையும் திட்டத் தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணா, நீங்கள் நேரத்துக்கு வந்திருந்தா, நான் பின்னுக்கு ஒரு கதிரையில இருந்து பாத்திருப்பன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நளினி சிரித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணப் பேச்சிலாவது அவள் முன்னுக்கு வரக் கூடாது, இவள் தொடக் கூடாது என்று ஒருவர் தொடங்கினால், "அவருக்கு ஹோம்புஷ் அண்ணையைக் கொண்டு டிக்கெட் போடுவிப்பம்" என்கிறார்கள். சொல்லிச் சிரிக்கட்டும். போன மாதம் இங்கே சிட்னி மெரிலேண்ட்ஸில் கலியாணத்துக்கு இருக்கும் ஒரு பிள்ளை, மெல்பேர்னில் இருந்துகொண்டு இப்படிச் சட்டம் பேசும் தன் பெரியப்பாவுக்கு உண்மையாகவே என்னிடம் டிக்கெட் போடச் சொன்னாள். மூன்று இடத்தில் மாறி வரும்படி போட்டுக் கொடுத்தேன்.