ரெண்டு விரல் பாஸும் ஊதிப்போன மலையும்

உலகத்தில் எந்தப் பொருளும் பக்கத்துப் பொருளை உரசவே கூடாது என்று வாழ்ந்த ஒரே மனுஷர், இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தச்சர்தான். தச்சரை நாங்கள் 'பாஸ்' என்போம். இவர் எதற்கும் இரண்டு விரல் இடைவெளி கேட்பார். அதனால் ரெண்டு விரல் பாஸ். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ.

பஸ்ஸில் ஏறினால் வளைவுக்கு வளைவு இறங்கி, பாறைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பார். கண்டக்டர் திட்டித் திட்டி ஓய்ந்துபோய், வளைவு வந்தால் தானே கதவைத் திறந்துவிடுவார். தேர்த் திருவிழாவில் மூங்கில் கம்போடு முன்னால் போய் மரக்கிளைகளை அளப்பார். சாமி பாவம், பின்னால் காத்துக்கொண்டு நிற்கும்.

இப்பேர்ப்பட்டவர் தொண்ணூறுகளில் ஒரு பொம்மை ரயில் கட்ட ஆரம்பித்தார். தேயிலைப் பெட்டிப் பலகையில் வண்டிகள், பழைய டேப் ரெக்கோடர் மோட்டாரில் எஞ்சின், ஒரு பாலம், பேப்பரையும் கோதுமை மாவுப் பசையையும் குழைத்து ஒரு மலை, மலைக்குள் வளைந்து போகும் சுரங்கம். வளைவில் நீளமான வண்டியின் நடுவயிறு உள்ளே தள்ளும், முனை வெளியே துருத்தும். அதற்காக வண்டியில் பென்சில்களைக் கட்டி, காகிதத்தின்மேல் ஓட்டிக் கோடு போட்டு, கோட்டுக்கு அப்பால், பொம்மைக்கு இரண்டு விரல் என்ற கணக்கில், ஒரு தீக்குச்சிக் கனம் விட்டுத்தான் சுவர் எழுப்பினார். பாலத்துக்கடியில் புகைபோக்கிக்கு மேலே இன்னொரு தீக்குச்சி. இதற்கே மூன்று வருஷம்!

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரான நான் சும்மா இருப்பேனா? அவர் ரயில் ஓடுவதற்குள் எனக்குப் பென்ஷன் வந்துவிடும் என்று பார்க்கிற நேரமெல்லாம் சீண்டுவேன். ஒருநாள் ரோஷம் வந்து, காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "பள்ளிக்கூடக் கண்காட்சியில ஓட்டிக் காட்டுறேங்க. எங்கயாச்சும் ஒரசுச்சுன்னா, எல்லாத்தையும் ஸ்டோர் அடுப்புல போட்டுர்றேன்." ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. சொன்ன சொல்லை மாற்றாத பிறவி அவர்.

மலையை அவர் காயவைத்தது அந்த ஸ்டோரில்தான், தேயிலை காய்கிற மெஷினுக்குப் பக்கத்தில். அளவெடுத்ததும் அங்கேயேதான். கண்காட்சிக்கு நாலு நாள் முன்னால் நாலு பேர் தூக்கி வந்து பள்ளிக்கூட வாசலில் நுழைத்தார்கள். நிலையின் இரண்டு பக்கமும் சரியாக இரண்டு விரல். அப்புறம் நாலு நாளும் மழை, மூடுபனி. அதை மனுஷர் கணக்கில் சேர்க்கவில்லை. ஈரத்தைக் குடித்துக் குடித்து மலை ஊதிவிட்டது.

கண்காட்சியன்று ரயில் கம்பீரமாகச் சுரங்கத்துக்குள் போனது. வெளியே வரவேயில்லை. முதலில் சிரித்தது நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பாஸ் மோட்டாரை நிறுத்தினார். ஆட்களைக் கூப்பிட்டு, அடுப்புக்குத் தூக்கச் சொன்னார். வாசலுக்கு வந்தால் மலை நிலையில் மாட்டிக்கொண்டது. எப்படித் திருப்பியும் போகவில்லை. மலையைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லி, வெயில் வந்தால் சுருங்கும், திங்கட்கிழமை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சனிக்கிழமை பார்த்து வெயில் சுள்ளென்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மலை பழையபடி இளைத்திருந்தது. மூன்று வருஷ உழைப்பு, என் வாயால் அடுப்புக்குப் போகிறதே! சுத்தியலைத் தேடி எடுத்து, நிலையின் இரண்டு பக்கமும் மூன்று விரல் கனத்தில் பலகைத் துண்டு அடித்தேன். ஆணியும் வளைந்தது, என் விரலும் நசுங்கியது.

திங்கட்கிழமை பாஸ் ஆட்களோடு வந்தார். பலகையைப் பார்த்தார், வளைந்த ஆணிகளைப் பார்த்தார், துணி சுற்றிய என் விரலைப் பார்த்தார். ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். தொலைந்தது என்று நினைத்தேன். பிடுங்கிய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, அதே பலகையை அதே இடத்தில் திரும்ப அடித்தார், இன்னும் இறுக்கமாக.

"மலை வெளிய வராதுப்பா, நீங்க போங்க," என்று ஆட்களை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆணி அடிக்கத் தெரியலீங்க சேர். ஆனா அளவு சரியாத்தான் எடுத்திருக்கீங்க."

மூன்று வருஷமாக அவரை விடாமல் சீண்டியதெல்லாம் பிரியத்தில்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.