பேஸ்போல் மட்டையும் பாலாம்பிகையின் விசாவும்

மிச்சம், லண்டன்
5.12.1993

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அண்ணை அவர்களுக்குத் தம்பி செல்வரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

ரொறன்ரோக் குளிரில் உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராதிருக்க வெஸ்ட் ஈலிங் அம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இந்த இடத்தில் நானும் சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவது என் வழக்கம். இம்முறை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. அண்ணி தேத்தண்ணீர் தந்திருந்தால் அதை முதலில் குடித்துவிடுங்கள், இதை வாசித்த பிறகு இறங்காது.

ஆவணி மாதம் லண்டனுக்குக் கல்யாணத்துக்கு வந்த ஒருவரிடம் நீங்கள் எனக்கு ஒரு பேஸ்போல் மட்டை கொடுத்தனுப்பினீர்கள். கடையில் சிகரெட் கள்வர் புகுந்த கதையைக் கேள்விப்பட்டு, "மேசைக்குக் கீழே வைத்திரு, கண்டவுடனே ஓடுவான்" என்று துண்டும் எழுதியிருந்தீர்கள். உங்கள் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் அண்ணை, நீங்கள் இரண்டு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கலாம். பளபளவென்று இருந்த அந்த அலுமினிய மட்டையைக் கண்டு ஓட ஒரு கள்வனும் பிறகு வரவில்லை. இரண்டு மாதமாக மேல் தட்டில் இருக்கும் கடதாசிச் சுருள்களைத் தட்டி விழுத்த மட்டுமே அதைப் பாவித்தேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

ஐப்பசியில் ஆயுத பூசை வந்தது. எங்கள் கடை முதலாளியின் மனைவி சிவனேஸ்வரி அக்கா குட்மேய்ஸில் தன் வீட்டில் பெரிதாகச் செய்வார். "தம்பி, கடையிலை நீர் பாவிக்கிற சாமான் எல்லாத்தையும் கொண்டு வாரும், ஒண்டையும் விடக்கூடாது" என்று தொலைபேசியில் கட்டளை. தராசு, சாவிக்கொத்து, விலைத்துண்டு ஒட்டும் கருவி எல்லாம் எடுத்தேன். மட்டையையும் எடுத்தேன், ஏனென்றால் அதையும்தானே பாவிக்கிறேன். அக்கா எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மட்டை உருண்டையாகவும் வழுக்கலாகவும் இருந்ததால் பொட்டு நிற்கவில்லை. அவர் விடுகிற ஆளா? தண்ணீர் விட்டுக் குழைத்துத் திரும்பத் திரும்ப வைத்தார். குங்குமம் நுனியிலிருந்து பிடிவரைக்கும் வழிந்து காய்ந்தது. சாமிக்கு வைத்ததைத் துடைக்கக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே மறுநாள் காலை மட்டையை அப்படியே பைக்குள் செருகி, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ரயில் ஏறி, பிறகு பஸ்ஸும் ஏறி மிச்சத்தில் இருக்கும் கடைக்குத் திரும்பினேன்.

பஸ்ஸில் என் பக்கத்து ஆசனத்திலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து சாரதியிடம் போனார். மூன்று பஸ் தரிப்பு தாண்டுவதற்குள் இரண்டு பொலிஸ்காரர் ஏறிவிட்டார்கள். இது என்ன என்று கேட்டார்கள். இது பூசைக்கு வைத்த பொருள், இந்தச் சிவப்பு குங்குமம் என்று நான் சொல்லியிருந்தால் விசயம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் என்னுடைய வாய் கொழும்புக் காவலரணில் பழகிய வாய். சீருடையைக் கண்டால் உண்மை எது என்று தேடாது, கடவுள், கோயில், ஊர், பெயர் ஒன்றையும் வெளியே விடாது, எது யாருக்கும் தீங்கில்லாத பதிலோ அதைத் தானாகவே சொல்லிவிடும். "நான் பேஸ்போல் விளையாட்டுக்காரன்" என்றேன். அப்படியானால் இந்தச் சிவப்பு என்ன என்று கேட்டார்கள். "விளையாடும்போது பட்டது" என்றேன்.

ஸ்ரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த சார்ஜன்ட்டின் மனைவி அமெரிக்காக்காரியாம். அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கில் பேஸ்போல் விளையாடுபவராம். லண்டன் முழுவதிலும் அப்படிப் பத்துப் பேர் இருந்தால் அதிகம், அதில் ஒருவர் எனக்கென்று வாய்த்திருக்கிறார். அவருக்கு என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மட்டையைப் பரிசோதனைக்கு அனுப்பப் போவதாகவும், நான்கு கிழமை கழித்து நான் திரும்ப வர வேண்டும் என்றும், அப்போது இருவரும் ஆறுதலாக மட்டைகளைப் பற்றிக் கதைக்கலாம் என்றும் சொன்னார். என்மேல் வழக்கு ஒன்று பதிவானால் பாலாம்பிகையின் விசாக் கோப்பு என்னவாகும் என்ற ஒரே நினைப்போடு வீட்டுக்கு வந்தேன். ஏழு வருடமாக அவள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருக்கிறாள். கல்யாணம் கட்டி நாங்கள் ஒன்றாக இருந்தது ஐந்து மாதம். டிசம்பர் முதலாம் திகதி கொழும்பில் அவளுக்கு விசா நேர்முகம் என்று அப்போதுதான் அறிவித்தல் வந்திருந்தது.

என்னோடு அறையில் இருக்கும் செபமாலைமுத்து மன்னார்க்காரர், நாள் தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவர். அவரிடம் சொல்லி அழுதேன். "பொய் சொன்னது பாவம்தான். ஆனா சொன்ன பொய்யை அரைகுறையா விட்டால் அது அதைவிடக் கரைச்சல். லைப்ரரிக்குப் போய்ப் படியும்" என்றார். போனேன். லைப்ரரியில் பேஸ்போலுக்கு ஒரேயொரு புத்தகம் இருந்தது, அதிலும் பாதி மட்டையைப் பற்றித்தான். பத்தாம் வகுப்புச் சோதனைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

அண்ணை, ஆதியில் ஒவ்வொரு ஆட்டக்காரனும் தன் மட்டையைத் தானே செதுக்கிக்கொண்டான். நீளம், தடிப்பு, வடிவம் எதற்கும் சட்டம் இல்லை. சிலர் வண்டிலின் ஏர்க்காலையே வெட்டி எடுத்தார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனிதன் எங்கே சும்மா இருக்க விட்டான். 1859இல் தடிப்பு இரண்டரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். பத்து வருடம் கழித்து நீளம் நாற்பத்திரண்டு அங்குலம் என்றார்கள். 1885இல் ஒரு பக்கம் தட்டையாக இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள், எங்கள் கிரிக்கெட் மட்டைபோல. 1893இல் அதையும் பறித்து, மட்டை என்றால் உருண்டைதான் என்று முடித்தார்கள். நடுவில் ஒரு மனிதர் வாழைப்பழம்போல வளைந்த மட்டை செய்து அரசாங்கத்தில் பதிவும் செய்தார். அவருடைய மனைவி மக்கள் அதைக் கண்டு என்ன பாடுபட்டார்களோ. பிடியில் இரண்டு குமிழ் வைத்தும் செய்தார்கள். ஹிக்கரி என்ற பாரமான மரம் போய், ஆஷ் என்ற பாரம் குறைந்த மரம் வந்தது. தடித்த பிடி மெலிந்தது. கடைசியில் எழுபதுகளில் அலுமினியம் வந்தது. பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் அதை எடுத்துக்கொண்டார்கள். பெரிய ஆட்டங்களில் இன்றைக்கும் மரம் மட்டும்தான். ஆக நீங்கள் வாங்கி அனுப்பியது பெரிய ஆட்டக்காரர் ஒருவரும் தொடாத மட்டை. சார்ஜன்ட் முதல் கேள்வியாக இதைக் கேட்டால் முப்பத்தெட்டு வயதில் நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு விளையாடுகிறேன் என்று சொல்வது?

எனக்கு எழுதினால்தான் மனதில் நிற்கும். இது உங்களுக்குத் தெரியும், சின்ன வயதில் என் கொப்பிகளைக் கண்டிருக்கிறீர்கள். ஆனால் எழுத நேரம் எங்கே? காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் மூடும்வரை நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாலாம்பிகைக்குக் கடிதம் எழுதும் அரை மணித்தியாலம்தான் எனக்கென்று இருப்பது. இரண்டு வேலையையும் ஒன்றாக்கினேன். பொலிஸ் விசயத்தைச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று அதை விட்டுவிட்டு, படித்ததை மட்டும் நீல ஏரோகிராமில் விளிம்புவரை எழுதி அனுப்பினேன். வழக்கமாக அவளுக்கு ஐந்து வரி எழுதுகிறவன், நாலு கிழமையில் ஆறு கடிதம் எழுதினேன். ஏன் எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

தவணைநாள் வந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆண்டுகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஸ்ரேஷனுக்குப் போனேன். சார்ஜன்ட் இல்லை, இடம் மாறிப் போய்விட்டார். யன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் ஒரு தாளைப் பார்த்து, சிவப்பு நிறம் மஞ்சளும் சுண்ணாம்பும் என்று முடிவு வந்திருக்கிறது, வழக்கு ஒன்றும் இல்லை, போகலாம் என்றார். அண்ணை, நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான்கு கிழமைப் படிப்பு தொண்டைக்குள் நின்றது. 1893க்கு முன் ஒரு பக்கம் தட்டையாக இருக்கலாம் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். மட்டையைக் கொண்டுபோகிறாயா என்று கடைசியாகக் கேட்டார். நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு வெறுங்கையையும் எல்லோருக்கும் தெரிய நீட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இனித்தான் முக்கியமான விசயம். முதலாம் திகதி பாலாம்பிகை நேர்முகத்துக்குப் போனாள். அன்று மத்தியானம் கடைக்குத் தொலைபேசி எடுத்தாள். நாங்கள் உண்மையாகவே புருசன் பெண்சாதிதானா என்று அறிய, நான் எழுதிய கடிதங்களை அந்த வெள்ளைக்கார அதிகாரி கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்பது அவர்களின் வழக்கமாம். இவள் ஆகக் கடைசியாக வந்த ஆறையும் மேலே வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"மொழிபெயர்க்கிறவர் வாசிச்சார். 'ஆதியில் ஆட்டக்காரன் தன் மட்டையைத் தானே செதுக்கிக்கொண்டான்' எண்டு தொடங்கினார். துரை அடுத்ததை வாசிக்கச் சொன்னார். அதிலை வாழைப்பழம் வந்தது. பிறகு என்னைப் பார்த்து, உன்ரை புருசன் நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு ஒருக்காலும் கேக்கிறதில்லையோ எண்டார்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"கடதாசியிலை இடம் காணாது எண்டு சொன்னன்."

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டாராம், முடிவைத் தபாலில் அறிவிப்போம் என்று அனுப்பிவிட்டாராம். மட்டையைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாதவனைப் புருசன் என்று எந்த அதிகாரி நம்புவான்? நானே அந்தக் கதிரையில் இருந்தால் நம்பமாட்டேன். ஏழு வருடத்தை என் கையாலேயே எழுதி அழித்துவிட்டேன், அண்ணை.

ஆகவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தை பிறந்ததும் கடையை விட்டுவிட்டுக் கொழும்புக்கே திரும்பப் போகிறேன். பிடித்தால் பிடிக்கட்டும், அவள் தனியாக இருந்தது போதும். பாலாம்பிகையின் தமையன் தியாகராஜா உங்கள் ஊரில்தானே இருக்கிறார். இதை அவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், ஆள் நெஞ்சு வருத்தக்காரர். நீங்கள் நேரில் போய், பக்குவமாக, மட்டை உங்கள் அன்பளிப்பு என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, விளையாட்டுப் பக்கம் அதிகம் போகாமல் வளர ஆசீர்வதிக்கிறேன். அம்மன் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் துர்ப்பாக்கியத் தம்பி
க. செல்வரத்தினம்

பி.கு. (9.12.1993): முத்திரை வாங்க நேரமில்லாமல் இந்தக் கடிதம் நான்கு நாள் சட்டைப்பைக்குள் கிடந்தது. அதுவும் நல்லதாயிற்று. தியாகராஜாவிடம் போகாதீர்கள். மேலே எழுதியதெல்லாம் பிழை. பாலாம்பிகை இப்போதுதான் கடைக்கு எடுத்தாள். செவ்வாய்க்கிழமை அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அதிகாரி கடிதங்களைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதில் என்ன இருக்கிறது, பார்க்காமல் சொல் என்றாராம். இவள் வண்டில் ஏர்க்காலில் தொடங்கி ஆண்டு, அங்குலம் ஒன்றும் பிசகாமல் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். தட்டை மட்டைக்கு வந்ததும் அவர் கையை உயர்த்தி, போதும் அம்மா என்று விசாவைக் குத்திவிட்டாராம். "என்னத்துக்கு அதெல்லாத்தையும் பாடமாக்கினனீர்?" என்று கேட்டேன். "ஏழு வருசமா நீங்கள் 'சுகம், காசு அனுப்பியிருக்கிறன்' எண்டுதானே எழுதினியள். இப்பத்தான் பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரி நீளமா எழுதியிருந்தியள். திரும்பத் திரும்ப வாசிச்சன்" என்றாள். பதினெட்டாம் திகதி காலையில் ஹீத்ரோவில் இறங்குகிறாள். மட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்தது முழுவதும் அவளுக்கும் தெரியும், அண்ணை. வேறு என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இது கிடைத்த உடனே பதில் போடுங்கள்.