வேக்கன்சி அண்ணனின் வலது கண்

காலியிடத்தைப் பார்த்து இவ்வளவு துன்பப்படுகிற மனிதர் பூமியில் இன்னொருவர் இருக்க முடியாது. சித்திரபுரத்தை அடுத்த எங்கள் தேயிலை எஸ்டேட்டில், செடி பட்டுப்போன குழிக்கு வேக்கன்சி என்று பெயர். நர்சரியில் கன்று வளர்த்து அந்தக் குழிகளை நிரப்புவது அவர் வேலை. அதனால் அவரே வேக்கன்சி அண்ணன் ஆகிவிட்டார். ரேஷன் கார்டில் என்ன பெயரோ, எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற நானே மறந்துவிட்டேன்.

கல்யாணப் பந்தியில் ஓர் இலைக்கு ஆள் இல்லையென்றால், சாப்பிட்டுக் கை கழுவியவர் மறுபடி போய் உட்கார்ந்துவிடுவார். என் டிஸ்பென்சரி பெஞ்சு காலியாக இருந்தால் எந்த நோயும் இல்லாமல் வந்து உட்கார்ந்து பேசுவார். நான் கொட்டாவி விடுவேன். இரண்டு கொட்டாவிகளுக்கு நடுவிலும் ஒரு வாக்கியத்தை நட்டுவிடுவார்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வெள்ளையடித்தபோதுதான் வினை வந்தது. நீற்றிக்கொண்டிருந்த சுண்ணாம்பு டிரம் விளிம்புவரை நிறையவில்லை. அவருக்குப் பொறுக்குமா? மிச்சமிருந்த கல்சுண்ணாம்பை மொத்தமாகக் கொட்டிவிட்டு, நிறைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். கொதித்துத் தெறித்தது நேராக வலது கண்ணில் விழுந்தது.

குழாயடியில் உட்காரவைத்துக் கை ஓயும்வரை கழுவினேன். கண் பிழைத்தது, பார்வை பிழைக்கவில்லை. கருவிழிமேல் பாலாடை மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடாமல், நர்சரிக் கத்தி செடியையும் அவர் விரலையும் மாறி மாறி வெட்டியது. பார்வை திரும்பாவிட்டால் இனிமேல் கேட்டில் வாட்ச்மேன் வேலைதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றைக்கு என் பெஞ்சில் அவர் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அமைதி என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. துணைக்கு என்னை அனுப்பினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்வரை வந்துபோக, மலையிறங்கி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கருவிழியும் வெள்ளைவிழியும் சேருகிற ஓரத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கண்ணின் மேற்பரப்பை ஓயாமல் புதுப்பிப்பவை அவைதான். வலது கண்ணில் சுண்ணாம்பு அவற்றைப் பொசுக்கிவிட்டது. இடது கண்ணின் ஓரத்திலிருந்து சோற்றுப்பருக்கையைவிடச் சின்னதாக ஒரு துணுக்கு எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, வலது கண்ணில் ஒரு மெல்லிய சவ்வின் மேல் ஒட்டிவைத்தால் அவை அங்கே பெருகிப் படரும்.

"அப்ப இது நம்ம கட்டிங் நடுத வேலைலா?" என்றார் வேக்கன்சி அண்ணன்.

"கிட்டத்தட்ட" என்று டாக்டரம்மா தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்கு நான் மாதக்கணக்கில் அனுபவித்தேன்.

நர்சரியில் நல்ல தாய்ச்செடியாகப் பார்த்துத்தான் ஒரு இலையும் மொட்டுமாக வெட்டி நடுவார்கள். தாயின் குணமெல்லாம் கன்றுக்கு வரும். அண்ணனின் இடது கண்ணுக்கோ கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க வராது. அதில் கட்டிங் எடுத்தால் வலதும் அதே லட்சணத்தில்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். அது கண்ணுக்கு உள்ளே இருக்கிற லென்சின் கோளாறு, மேற்பரப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அடுத்தவர் கண்ணிலிருந்து எடுத்தால் உடம்பு ஏற்காமல் போகலாம், அதற்கு வேறு நெடுநாள் மாத்திரை தின்ன வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். பஸ் மலையேறுகிறவரை சொன்னேன்.

"குழப்பமில்ல சார், விடுங்க. நல்ல தாய்ச்செடியா நான் பாத்துக் கொண்டாரேன்" என்றார்.

மறுநாளிலிருந்து எஸ்டேட்டில் யார் கண்ணும் நிம்மதியாக இல்லை. கொழுந்து எடுக்கிற பெண்களின் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்து வசவு வாங்கினார். மேனேஜரின் கண்ணைப் பார்த்து, வெள்ளையில் மஞ்சள் ஓடுகிறது, உரம் பத்தவில்லை என்றார். பூசாரி கற்பூரத் தட்டோடு வந்தால், சுடரை விட்டுவிட்டு அவர் கண்ணை ஆராய்ந்தார். கடைசியில் என்னிடம் வந்தார். நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலால் என் இமையைத் தூக்கினார்.

எனக்கு அலுத்துவிட்டது. "எடுத்துக்குங்க அண்ணே. ரெண்டையும் எடுத்துக்குங்க. என்னைய விட்டாப் போதும்."

வெகுநேரம் பார்த்தார். பிறகு இமையை மெதுவாக விட்டார்.

"வேண்டாம் சார். தளந்த செடியில கத்தி வைக்கக் கூடாது. எஸ்டேட் பூரா பாத்துட்டேன், ஓய்வெடுத்த கண்ணு ஒண்ணுகூட இல்ல. என் செடியே போதும்."

இத்தனை வருஷத்தில் என்னிடம் மாத்திரை கேட்டவர்கள் உண்டு. நான் தளர்ந்திருக்கிறேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். மாத்திரையை எண்ணிய எண்ணிக்கை மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வெயில் படக் கூடாதென்று டாக்டரம்மா கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார். ஆனால் இளங்கன்றுக்கு நிழல் என்றால் அண்ணனுக்கு நர்சரியில் கன்றைச் சுற்றிக் குத்திவைக்கிற பெரணித் தழைதான். தொப்பியைச் சுற்றிலும் செருகிக்கொண்டு நடமாடினார். தூசி கண்ணில் விழும் என்று காலையில் நான் பிடுங்கி எறிவேன். மத்தியானம் மறுபடி முளைத்திருக்கும். சொட்டு மருந்து விட்டால், தண்ணி கூடிப்போச்சு, வேர் அழுகிரும் என்று என்னையே அதட்டுவார். நான் பாதி இளைத்துப்போனேன்.

கருவிழிமேல் படர்ந்த வெள்ளை, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல விலகிக்கொண்டு வந்தது. ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்தவர் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"சார். ஒங்க சட்டையில மேலருந்து ரெண்டாவது பட்டன் இல்ல."

குனிந்து பார்த்தேன். இல்லைதான். வேறென்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் மங்கல்தான். அந்த எடம் மட்டும் காலியாக் கெடக்கு" என்றார், வருத்தமாக.

கத்தி இன்னும் அவர் கைக்கு வரவில்லை. ஆனால் மேனேஜர் கேட் வேலையைப் பற்றி இப்போது வாய் திறப்பதில்லை. பட்டன் இல்லையென்று அவர் சொன்ன அன்றைக்கே என் வீட்டில் அதைத் தைக்க ஊசியை எடுத்தார்கள். வேண்டாமென்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். ஒவ்வொரு செக்கப்புக்கும் அதையே போட்டுக்கொண்டு, பஸ்ஸில் அவருடைய வலது கண் பக்கமாக உட்காருகிறேன்.