கவ்வாத்து வெட்டிய முப்பது நத்தார் மரங்கள்

றொசல்ல
டிசம்பர் 2

சேசு, மரி, சூசை துணை. (அவர்களாவது துணையிருக்கட்டும். உங்கள் அக்கா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.)

அன்புள்ள மச்சான் கிளைவுக்கு, சூசைரட்ணம் எழுதிக்கொள்வது. வத்தளையில் நீங்களும் வீட்டாரும் ஆண்டவர் தயவால் சுகமென்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம், ஆனால் வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் பதில் வரும். அதனால்தான் கடிதம்.

நம்ம மகள் ஏஞ்சலாவின் பிள்ளைக்கு இந்த 25ஆம் தேதி நத்தாரன்று இத்தாலியில் ஞானஸ்நானம். நாம் ஒருத்தரும் போய் நிற்க முடியாதே என்று உங்கள் அக்கா தெரேசா ஒரு மாதம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னச் சின்ன நத்தார் மரமாக முப்பது சதுரம் தைத்து, ஒன்றாக இணைத்துப் பேரப்பிள்ளைக்குப் போர்வை அனுப்புவதென்று முடிவெடுத்தாள். நாலு அங்குலச் சதுரம், நடுவில் பச்சை முக்கோணம், இரண்டு பக்கமும் வெள்ளைத் துண்டு, கீழே மண்ணிறத் தண்டு. ஹட்டனில் படத்தைப் பிரிண்ட் எடுத்து, பழைய கலண்டர் மட்டையில் ஒட்டி, அளவு மட்டையும் செய்தாயிற்று. மட்டையைத் துணியில் வைத்துக் கோடு போட்டு வெட்டினால் எல்லா மரமும் ஒரே மாதிரி வரும். வரவேண்டும்.

தெரேசாவுக்குப் பெருவிரல் வீக்கம். தையல் மெசின் மிதிப்பாள், கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. "ஏங்க, கோட்டு மேலயே வெட்டுங்க. சொந்த மூளையைப் பாவிக்காதீங்க" என்று என்னிடம் தந்தாள்.

மச்சான், தேயிலையை மட்டமாக வெட்ட முப்பத்தெட்டு வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை இது. நான் வெட்டிய மலையில் ஒரு தேயிலைச் செடி மற்றதைவிட ஒரு விரல் உயர்ந்து நின்றதுண்டா? முப்பது முக்கோணத்தையும் ஒழுங்காகத்தான் வெட்டினேன், மாதா சத்தியமாக. அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றின் உச்சியிலும் கூராக ஒரு துணுக்கு, ஒன்று இப்படி, ஒன்று அப்படி, நீட்டிக்கிட்டு நிக்குது. எனக்குப் பொறுக்கல. கை தன்னால போயிருச்சு. முப்பதையும் சேத்துப் புடிச்சு உச்சியில ஒரே வெட்டு. அதுவும் மலைச் சரிவுக்கு ஒத்தாப்புல, கொஞ்சம் சாய்ச்சு. பழக்கம்!

அவ மெசின்ல உக்காந்து ஒண்ண எடுத்தா, திருப்பிப் பாத்தா, அடுத்தத எடுத்தா. "மரம் எங்கங்க?"ன்னா. "கையிலதானே வச்சிருக்க"ன்னேன். "இது உச்சி வெட்டின தேயிலைங்க! இதுலயிருந்து தப்பிக்கணும்னுதானே என் புள்ள அங்க போனா? அவ புள்ளைக்கும் தேயிலையவே போத்துறதா?"ன்னு மெசின் மேலயே தலைய வச்சு அழுதா. அந்தப் பச்சைத் துணி ஏஞ்சலா விட்டுட்டுப் போன பாவாடை. வேற துண்டு இல்ல. வேற வழியில்லாம அப்படியே தைச்சு முடிச்சுப் பார்சலும் கட்டிட்டா. நான் செத்தாலும் இந்த வெக்கம் தீராது.

ஐயா மச்சான், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாளை பஸ்ஸில் வரும் பார்சலை உங்கள் கூட்டாளியிடம் இத்தாலிக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். வழியில் தொலைந்துவிட்டதென்று ஏஞ்சலாவிடம் சொல்லுங்கள். பொய்யின் பாவம் எனக்கு. பாவசங்கீர்த்தனத்தில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டிலுள்ள பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஆண்டவர் ஆசீர்வாதம் கிடைக்கட்டும். உங்கள் வீட்டில் வெட்டவேண்டியதை வேறு யாராவது வெட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
சூசைரட்ணம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் ஏஞ்சலா போனில் கோல் எடுத்தாள். பக்கத்து வீட்டுச் சர்மிளா பார்சல் கட்டுமுன்பே போர்வையைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பிவிட்டாளாம். "அம்மா, நம்ம மலைய அப்படியே தைச்சிருக்கீங்களே! சாய்வு கூட சரியா இருக்கே! இதத்தான் புள்ளைக்குப் போத்திக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவேன்" என்று அழுகிறாள். ஆகவே பார்சலைத் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். உங்கள் அக்கா கண் இமைக்காமல், "ஆமாடி, அப்பாதான் ஒரு வாரமா யோசிச்சு அப்படி வெட்டினாரு" என்றாள். பாவசங்கீர்த்தனத்துக்கு இனி அவள்தான் போகவேண்டும்.