கோப்பெங் மச்சானுக்கு, ஜெலாப்பாங் தொலைபேசி விஷயமாக

ஈப்போ,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய எரிக் மச்சான் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் செபாஸ்டியன் தலைகுனிந்து எழுதும் கடிதம். ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கை பெட்ரீசியாவும் சுகமாக இருக்கிறோம். உடம்பைத்தான் சொல்கிறேன்; மானம் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. உங்கள் வீட்டில் அக்காவின் மூட்டு வலி தேவலையா? நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் சொன்னபடி காலையில் நடக்கிறீர்களா? நடந்துவிட்டு வந்து, தண்ணீர் குடித்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள். வாட்சப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் கண்ணாடி கிடைக்காத நேரத்தில் உங்களுக்கு ஷார்மேன்தான் வாசித்துக் காட்டுவாள். இது மகள் வாசிக்கக் கூடாத விஷயம் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

ஜெலாப்பாங்கில் நான் தலைமைக் கிராணியாக எழுத்து வேலை பார்க்கும் குழாய்ச் சாமான் கம்பெனி உங்களுக்குத் தெரியும். எங்கள் முதலாளி சீனத் தவுக்கே பழைய தொலைபேசிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, மேசைக்கு மேசை இணையத்தில் பேசும் தொலைபேசி வாங்கினார். மாட்டிக் கொடுக்க ஒரு டெக்னிஷியனும் வந்தார். எல்லார் மேசைக்கும் அவர்தான் மாட்டினார். என் மேசைக்கு வந்தபோது, ஆபீஸில் வேலை செய்யும் சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த வீறாப்பில், "நீங்க போங்க, இது நான் பாத்துக்குவேன்" என்றேன். அந்தப் பெட்டிக்குப் பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு துளை. ஒன்று சுவரிலிருந்து வரும் இணையக் கம்பிக்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. எனக்கு அது தெரியாது. ஒரு துளை சும்மா கிடந்தால் தூசி போகுமே என்று இரண்டிலிருந்தும் கம்பி இழுத்துச் சுவரிலேயே சொருகிவிட்டேன். போன தகவல் அதே வழியாகத் திரும்பி வந்து சுற்றிச் சுற்றி ஓடியதாம், கம்பெனி முழுக்க இணையம் படுத்துவிட்டது, ரசீது அடிக்க முடியாமல் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன, டிரைவர்கள் டீக்கடைக்குத் தே தாரேக் குடிக்கப் போய்விட்டார்கள், தவுக்கே இணையக் கம்பெனிக்காரனை அழைத்துத் திட்டுகிறார், நானும் பக்கத்தில் நின்று "இவனுங்களே இப்படித்தான் லா" என்று ஒத்து ஊதுகிறேன். கடைசியில் டெக்னிஷியன் திரும்பி வந்து, என் மேசைக்கு அடியில் தவழ்ந்து, ஒரு கம்பியைப் பிடுங்கினார். எல்லாம் சரியாகிவிட்டது. அந்தக் கம்பியைச் சுருட்டி அவர் என் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை மச்சான். ரிசீவர் கம்பியை ஹெட்ஃபோன் துளையில் சொருகி வைத்திருந்தது அடுத்த நாள்தான் தெரிந்தது. பெட்டியில் இருந்த மைக் வழியாக நான் பேசுவது தவுக்கேக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து மேசை ரஸ்னாவிடம், "வாயே தொறக்க மாட்டேங்குறாரு, காலையிலயே வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டாரு போல" என்றேன். தவுக்கேக்குத் தமிழ் பேச வராது. ஆனால் நம் ஆட்களோடு பழகிப் பழகி, கேலி செய்தால் புரியும். அன்று மத்தியானம் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் காரியத்துக்கு வருகிறேன். எங்கள் ஸ்டோரில் வேலை செய்யும் ராட்னியை ஷார்மேனுக்குக் கேட்டு வந்தபோது, "ஒரே கம்பெனிதானே, பையன் எப்படின்னு நாசூக்கா விசாரிங்க, யாருக்கும் தெரிய வேணாம்" என்று என்னை நம்பிச் சொன்னீர்கள். நானும் நாசூக்காகத்தான் ஆரம்பித்தேன். சிகரெட் பிடிப்பானா என்று பார்க்க, சிகரெட்டையே தொடாத நான் ஒன்றை வாங்கிக்கொண்டு அவனிடம் போய், "தம்பி, நெருப்பு இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றவன், ஓடிப் போய் யாரிடமோ லைட்டர் வாங்கி வந்து நீட்டினான். கண்ணில் தண்ணீர் வர ஒரு சிகரெட்டைப் பிடித்து முடித்தேன். கேன்டீனில் அவன் தட்டைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நம் முறைப்படி இறைச்சியை விட்டு மீன்தான் சாப்பிடுகிறானா என்றும் பார்த்தேன்.

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெட்ரீசியா அந்தப் புதுத் தொலைபேசிக்கு அழைத்து, "என்னங்க, பையன் எப்படி? அண்ணன் கேக்குறாரு" என்றாள். சுற்றி ஆள் நடமாட்டம் இருந்தது. அந்தப் பெட்டியின் ஓரமாக ஒரு பொத்தான் உண்டு. தவுக்கே வெளியூரிலிருந்து அழைத்தால் நான் அதை அழுத்த வேண்டும். எல்லா மேசைத் தொலைபேசியும் தானாகவே திறந்து அவரும் நானும் பேசுவது ஆபீஸ் முழுக்கக் கேட்கும். டெக்னிஷியன் அதை எனக்குச் சொன்னபோது நான் தலையாட்டினேன், கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அதை அழுத்தினால் சிவப்பு லைட் எரியும் என்பதுதான். மச்சான், நாம் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். நம் கோவிலில் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு மேலே சிவப்பு லைட் எரிந்தால் என்ன அர்த்தம்? உள்ளே ஆள் இருக்கிறது, யாரும் கிட்ட வரக்கூடாது, பேசுவது வெளியே போகாது. சின்ன வயதிலிருந்து அந்த லைட்டை நம்பியே பேசிப் பழகியவன் நான். பொத்தானை அழுத்தினேன், சிவப்பாக எரிந்தது, மனசு நிம்மதியாகி வாயைத் திறந்தேன்.

"வேலையில கெட்டிக்காரன்தான். ஆனா முன் மண்டை இப்பவே வெளுக்குது, கல்யாணத்துக்குள்ள எவ்வளவு மிஞ்சுமோ தெரியல. தெனம் சாப்பிட்டு முடிச்சதும் அம்மாவுக்குப் போன் போட்டு 'சாப்பிட்டேன்மா'ன்னு சொல்றான். அந்தம்மா யாருன்னு தெரியுமா? கோவில்ல எல்லாரும் பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அரை வரி பாடிட்டு நிக்குமே, அதே அம்மா. ஃபாதரே அதுக்குப் பயந்துதான் பூசைய வேகமா முடிக்கிறாரு" என்றேன். இன்னும் என்னென்னவோ பேசினேன். நல்ல தாராளமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ரஸ்னா ஓடி வந்து, சத்தம் வராமல் கையை ஆட்டி, கடைசியில், "அண்ணே, போன வைங்கண்ணே, ஸ்டோர் வரைக்கும் கேக்குது" என்றாள். வைத்தேன். அதன் பிறகுதான் ஆபீஸே என் பக்கம் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தேன். கணக்குப் பகுதி சீனப் பெண் மட்டும் ரஸ்னாவிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "முன் மண்டை" என்ற இடத்தில் ரஸ்னா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கழிப்பறைக்குப் போக ஸ்டோரைத் தாண்ட வேண்டும் என்பதால் சாயந்திரம் வரை அடக்கிக்கொண்டேன். அடுத்த நாளே ராட்னியின் அம்மா பெட்ரீசியாவுக்கு அழைத்து, "எங்க பக்கம் விருப்பமில்ல, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. காரணம் நான்தான், என் வாய்தான். தன்னைப் பற்றியும் பெற்ற தாயைப் பற்றியும் ஊர் கேட்க ஒருவன் அப்படிப் பேசினால் யார்தான் சம்பந்தம் வைப்பார்கள்? தங்கமான இடத்தை உங்களுக்கு நான் கெடுத்துவிட்டேன். வேறு எந்தக் காரணமும் தேடாதீர்கள், ஷார்மேனை எதுவும் கேட்காதீர்கள். என்னை மட்டும் திட்டுங்கள். நேரில் வந்து திட்டினால் இன்னும் நல்லது, பெட்ரீசியா மீன் கறி வைப்பாள்.

அக்காவுக்கு என் அன்பு. ஷார்மேனுக்கு எங்கள் ஆசீர். தேவமாதா உங்கள் நெஞ்சுக்குக் காவலாக இருக்கட்டும், என் வாய்க்கும் ஒரு காவல் போடட்டும்.

இப்படிக்கு,
முகம் காட்ட வெட்கப்படும்
செபாஸ்டியன்

பி.கு. மச்சான், உறையை ஒட்டுவதற்கு முன் பெட்ரீசியா இதை வாங்கிப் படித்தாள். "எங்கண்ணனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட்தான் வெச்சிருக்கு, நெஞ்சே இல்லாமப் போயிடல. உண்மைய எழுதுங்க" என்கிறாள். எழுதுகிறேன். சம்பந்தம் முறிந்தது மண்டையாலும் இல்லை, பாட்டாலும் இல்லை. "இன்னும் என்னென்னவோ பேசினேன்" என்று மேலே எழுதினேனே, அங்கே நான் சொன்னது இதுதான்: "ஷார்மேனுக்கு இதுல கொஞ்சமும் இஷ்டமில்ல. மறுத்தா அப்பா நெஞ்சு தாங்காதுன்னுதான் தலையாட்டியிருக்கா." எங்கள் வீட்டு அடுப்படியில் அழுதுகொண்டு அவள் சொன்னது. உங்களிடம் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ராட்னி அன்று சாயந்திரம் என் கார் பக்கத்தில் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், விடவில்லை. "முடி கொட்டுறது நெசந்தானே அங்கிள். நான்தான் வேணாம்னு சொன்னதா இருக்கட்டும். ஷார்மேன அவங்க வீட்ல யாரும் ஒன்னும் கேட்றக் கூடாது" என்றான். அம்மாவிடமும் அப்படியே சொல்லி, அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். தொலைபேசியில் நான் பேசிய எதுவும் அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்தப் பையனைத்தான் நான் தட்டைப் பார்த்து விசாரித்தேன்.

இதைப் பெட்ரீசியா நேற்று ஷார்மேனிடம் சொல்லிவிட்டாள். அவள் ராட்னியின் எண்ணைக் கேட்டாளாம். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.