எண்பது லிட்டருக்குத் தடையில்லாச் சான்று

தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பலரும் அதை நம்பியே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். இது உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பிழை. திண்டுக்கல்லில் தண்ணீர் பள்ளம் மேடு பார்ப்பதில்லை. உரிய அலுவலரின் கையொப்பத்தைப் பார்த்துத்தான் ஓடும். கையொப்பம் மாடியில் இருந்தால் மாடிக்கும் ஏறும். இயற்பியலின் மேல் குற்றமில்லை. அது இந்தப் பக்கம் மாறுதலாகி வந்ததில்லை.

பேகம்பூர் நஸீராவுக்கு இது நன்றாகவே தெரியும். அவள் பிறந்ததும் வாக்கப்பட்டதும் தோல் பதனிடும் குடும்பங்களில். தோல் ஷெட்டுக்காரர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் காகிதம் இல்லாமல் வாசலுக்கு வெளியே விடமாட்டார்கள். சோதனைக்கு வரும் அதிகாரிகள் மூன்று தலைமுறையாக ஊட்டி வளர்த்த பழக்கம். நஸீரா வீட்டில் மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டப் போகிறவர்கள்கூடத் தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

அந்த நஸீராதான், தோல் வியாபாரம் படுத்த பிறகு, ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற கேரவன் ஒன்றை வாங்கினாள். காரணம் கல்யாணங்கள். மணப்பெண் வீட்டிலிருந்து நடந்து வந்த காலம் போய்விட்டது. இப்போது அவள் கேரவனிலிருந்து இறங்க வேண்டும். கதவு மெல்லத் திறக்க வேண்டும். புகை கிளம்ப வேண்டும். முதலில் செருப்பு தெரிய வேண்டும், பிறகு பெண் தெரிய வேண்டும். மண்டபத்துக்குள்ளேயே விடிய விடிய உட்கார்ந்திருந்த பெண்ணும் வெளியே போய், கேரவனில் ஏறி, இறங்கினால்தான் வந்ததாகக் கருதப்படுவாள்.

குஜிலியம்பாறை ராமர் மானாவாரியில் கடலை போடுகிறவர். மழையைத் தவிர வேறு யாரிடமும் எதையும் எதிர்பார்த்து அறியாதவர். ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை கேரவனில் வந்து இறங்கிவிட்டார். பதிலுக்கு மகள் கீர்த்தனா வெறும் காலால் நடந்து மேடையேறினால் சம்பந்தி வீட்டுக்கு முன்னால் தலை நிமிர முடியுமா? வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். வியாழக்கிழமை மாலைக்குள் வண்டி மண்டப வாசலில் நிற்க வேண்டும் என்று பேச்சு.

நஸீராவுக்கு இது முதல் வாடகை. இது தவறினால் இரண்டாவது வராது. "வீடு இருக்கையில வண்டியில எதுக்குக் கக்கூஸ்?" என்று கேட்ட பேகம்பூர் முழுவதும் சொன்னது சரியாகிவிடும்.

வண்டியோடு வந்த கையேடு தெளிவாக இருந்தது. இழுப்பதற்கு முன் நல்ல தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். கழிப்பறைக்கு அடியில் உள்ள பெட்டியைக் காலி செய்ய வேண்டும். தண்ணீர் தளும்பினால் கேரவன் வால் ஆட்டும். முன்னால் போகும் ஜீப்பையும் சேர்த்து ஆட்டும். பெட்டி யாரும் தொடாத புதுப் பெட்டி. தொட்டியில் மட்டும், குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க நஸீராவின் தம்பி அல் அமீன் முதல் நாள் நிரப்பிய எண்பது லிட்டர் இருந்தது.

"திருகைத் திறந்துவிட்டா பத்து நிமிஷத்துல ஓடிரும்க்கா," என்றான் அல் அமீன், வியாழக்கிழமை காலை.

"காகிதம்?"

"தண்ணிக்கா?"

"ஏலே, தண்ணிக்குத்தாண்டா காகிதம். நடுரோட்டுல எவனாவது போட்டோ எடுத்தா நாளைக்கு வண்டிய உள்ள வச்சிருவான். செத்த நேரம் ஆபீசுக்குப் போயி ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருவோம்."

நஸீரா செய்த தவறு இது ஒன்றுதான். கேட்டாள்.

நடமாடும் நீர் மற்றும் கழிவு முறைப்படுத்தல் பிரிவு, குடிநீர் லாரிகளைக் கண்காணிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. லாரிகள் கண்ணுக்குப் படாத வேகத்தில் போய்வந்ததால் கண்காணிப்பு தடையின்றி நடந்துவந்தது. தானாக வந்து அனுமதி கேட்ட முதல் குடிமகள் நஸீரா. கண்காணிப்பாளர் பொன்னழகு நெகிழ்ந்துபோய் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். மீதியை அவசியப்படும்போது எழுவதற்காக வைத்துக்கொண்டு, கேரவனை வளாகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

"தண்ணிய எங்க விடப் போறீங்க?"

"இப்படி ஓரமா, தரையில."

"கோடைகாலத்துல குடிதண்ணியத் தரையில விடக்கூடாது. சுற்றறிக்கை இருக்கு."

"அப்ப அப்படியே கொண்டுபோயிருறோம் சார். மெதுவா ஓட்டிக்கிறோம்."

"ஊர் எல்லைக்கு வெளிய தண்ணி கொண்டுபோகக்கூடாது. அதுக்கும் சுற்றறிக்கை இருக்கு. ரெண்டும் ஒரே நாள்ல வந்தது."

"அந்தச் செடிக்கு ஊத்திரட்டுமா?"

"செடிக்கு ஊத்துனா அது விவசாயம்." பொன்னழகு குரலைத் தாழ்த்தினார். "பேசாம இருங்க. விவசாயம்னா அடுத்த பில்டிங்குக்குப் போகணும்."

நஸீரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று. "அப்ப இந்தத் தண்ணிய என்னதான் சார் செய்யலாம்?"

பொன்னழகு கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஒருவருக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால் அதற்கான விதியைத் தேடி எடுக்கக்கூடியவர். எடுத்தார்.

"குடிக்கலாம். குடிநீர் குடிப்பதற்கானது. விதி நாலு, உட்பிரிவு ஒண்ணு."

அது கத்திரி வெயில். அலுவலகத்தில் இருபத்திரண்டு பேர்; குடிநீர் வரவில்லை என்று புகார் கொடுக்க வந்து வரிசையில் நின்றவர்கள் அறுபது பேர். இளநிலை உதவியாளர் கௌசல்யா ஒரு டம்ளரும் பதிவேடும் எடுத்துக்கொண்டு கேரவன் குழாயடியில் உட்கார்ந்தாள். புகார்தாரர்கள் குடித்தார்கள். சிலர் குடித்துவிட்டுப் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அன்றைய குறை தீர்ப்பு விகிதம் அந்தப் பிரிவின் வரலாற்றிலேயே உயர்ந்ததாகப் பதிவானது.

மூன்று மணிக்குத் தொட்டி வறண்டது. நஸீரா, "அல்ஹம்துலில்லாஹ், கொக்கியப் போடுடா," என்றாள்.

"செத்த நேரம் இருங்கம்மா," என்றார் பொன்னழகு. "கழிவுப் பெட்டியப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுர்றேன்."

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். அந்த அலுவலகக் கழிப்பறை பழுதின் காரணமாக ஆறு ஆண்டுகளாகப் பூட்டப்பட்டிருந்தது. பழுது பூட்டில் இருந்தது. எண்பது லிட்டர் தண்ணீரை உள்ளே வாங்கியவர்களுக்கு அதைத் திருப்பிச் செலுத்த வளாகத்தில் இருந்த ஒரே இடம், பளபளவென்று, கண்ணாடியும் வாசனைத் திரவமுமாகக் கேரவனுக்குள் இருந்தது.

பெட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது.

"இதுக்குத் தனி விண்ணப்பம்," என்றார் பொன்னழகு. "ஏழாவது கலம். கழிவின் உரிமையாளர் பெயர், கையொப்பம்."

"எனக்கு இதுல ஒரு துளி பங்கு கிடையாது சார்."

"பங்கில்லாதவங்க கையெழுத்துப் போட முடியாது." அவர் திரும்பி அலுவலகத்தைப் பார்த்துக் கேட்டார். "யாருதுப்பா இது?"

அன்று அங்கே பணியில் இருந்த இருபத்திரண்டு பேரும் பிறந்ததிலிருந்து சிறுநீர் கழித்ததில்லை என்பது தெரியவந்தது.

"சார், நீங்களும் உள்ள போனீங்களே," என்றான் அல் அமீன்.

"ஆய்வுக்குப் போனேன்."

"ரெண்டு தடவையா?"

"மறு ஆய்வு."

"நம்ம பதிவேட்டுல யாரு யாரு எம்புட்டுக் குடிச்சாங்கன்னு இருக்கு சார்," என்றாள் கௌசல்யா, உதவும் எண்ணத்தோடு.

"அது உள்வரவு. வெளியேற்றத்துக்கு நீ பதிவேடு போடலயேம்மா." பொன்னழகு பேனாவை மூடினார். "உரிமை கோரப்படாத பொருளுக்கு முப்பது நாள் பொது அறிவிப்பு ஒட்டணும். அதுவரைக்கும் அது அலுவலகக் காவல்ல இருக்கும்."

"பெட்டியக் கழட்டி வச்சுக்கங்க சார். வண்டியவாவது விடுங்க," என்றாள் நஸீரா. "நாளைக்குக் காலையில ஒரு பிள்ளைக்குக் கல்யாணம்."

"பெட்டி இல்லாத வண்டி முழுமையான வண்டி இல்லம்மா. முழுமையில்லாத வண்டிய ரோட்டுல விட எனக்கு அதிகாரம் இல்ல. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

அறிவிப்பு ஒட்டப்பட்டது. உரியவர்கள் தக்க ஆதாரத்துடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது.

ஐந்து மணிக்கு ராமர் போன் செய்தார். "ஏம்மா, வண்டி எரியோடு ஊரைத் தாண்டிருச்சா? சம்பந்தி வீட்டாளுக ரெண்டு பேரு இப்பவே வந்து வாசல்ல நோட்டம் விடுறாக."

"ஆபீசுக்குள்ள நிக்குதுண்ணே. வெளிய விடமாட்டேங்கறாங்க."

"எப்ப விடுவாக?"

"முப்பது நாள்."

ராமர், மழை பொய்த்த வருஷங்களில் பழகியபடி, வானத்தைப் பார்த்தார். பிறகு, "வண்டி நிக்கிற இடத்துல வெளிச்சம் எப்படி?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கும்ணே. ஏன்?"

"அப்ப நாங்க அங்க வாரோம்."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு வேனில் கீர்த்தனா முழு அலங்காரத்தோடு வந்து இறங்கினாள். ட்ரோன் வைத்திருந்தவரும் புகை இயந்திரக்காரரும் கூட வந்தார்கள். வேனிலிருந்து இறங்கியது இறங்கியதாகாது என்பதால் அவளைக் கேரவனில் ஏற்றினார்கள். காவலில் உள்ள பொருளுக்குச் சேதம் வந்துவிடுமோ என்று ஓடிவந்த பொன்னழகு, சுற்றறிக்கைகளை முழுவதும் படித்துப் பார்த்தார். நின்ற வண்டியிலிருந்து மணமகள் இறங்குவதற்கு எங்கும் தடை இல்லை. கதவு திறந்தது. செருப்பு தெரிந்தது. பெண் தெரிந்தாள். புகை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு விடப்பட்டது. காரணம் மூக்குக்குத்தான் தெரியும், வீடியோவில் தெரியாது. பின்னால் அலுவலகத்தின் பழைய கல் தூண்களும், வாயிலில் கோப்புடன் நின்ற பொன்னழகும் படத்தில் கம்பீரமாக விழுந்திருந்தார்கள். ஏழு மணிக்குப் பெண்ணை வேனில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோய், பின்வாசல் வழியாக உள்ளே விட்டார்கள். முன்வாசலில் பெரிய திரையில் அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒட்டன்சத்திரத்துச் சம்பந்தி, ராமரைத் தனியே அழைத்துக் கேட்டார்: "ஏனுங்க, அந்தக் கல்தூண் மண்டபம் எங்கீங்க இருக்குது? சின்னவனுக்குப் பேசிக்கிட்டு இருக்கோம்."

அடுத்த வாரம் அய்யலூரிலிருந்து ஒரு பெண் வந்து அங்கே இறங்கினாள். அதற்கடுத்த முகூர்த்தத்தில் மூன்று பெண்கள் நஸீராவுக்கான வாடகையோடு வரிசையில் நின்றார்கள். பேகம்பூரிலிருந்தே ஒரு நிக்காஹ் வீட்டார் வந்தார்கள். வண்டியில் கக்கூஸ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

முப்பதாம் நாள், உரிமை கோரி எவரும் வராத நிலையில், பெட்டியைக் காலி செய்து வண்டியை எடுத்துச் செல்லலாம் என்று ஆணை தயாரானது. அன்று காலையே காவலை மேலும் முப்பது நாள் நீட்டிக்கக் கோரி ஒரு மனு வந்து சேர்ந்திருந்தது. மனுதாரர் நஸீரா. பொன்னழகு ஒரு எழுத்தையும் திருத்தாமல் கையொப்பமிட்டார்.

மணமகள் இறங்குவதற்கான விண்ணப்பப் படிவம் இப்போது மூன்றாம் எண் சன்னலில் கிடைக்கிறது. முகூர்த்த நாட்களில் குடிநீர் தொடர்பான புகார்கள் பெறப்படமாட்டா என்று அதன் கீழே ஒட்டியிருக்கிறது.