நல்லெண்ணெய்க் கடைக்காரன் டர்போவுக்கு எண்ணெய் பார்த்த கதை

'தெரியாது' என்ற சொல் என் வாயிலிருந்து லேசில் வராது. இது என்னுடைய கெட்ட குணம். (வீட்டில் கேட்டால் இன்னும் நாலு சொல்வார்கள். இப்போதைக்கு ஒன்று போதும்.)

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். திருநெல்வேலியில் எங்களுக்கு நல்லெண்ணெய்க் கடை. அம்பாசமுத்திரத்தில் இருந்த என் மாமனார் புதிதாக டர்போ டீசல் கார் ஒன்று வாங்கியிருந்தார். என் மனைவியின் தங்கையைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வருகிறவர்களைத் திருநெல்வேலி ஜங்ஷனில் ஏற்றிவரும் பொறுப்பை, காரோடு சேர்த்து என்னிடம் ஒப்படைத்தார்.

"மாப்பிள்ள, ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இதுவும் போச்சுன்னா பிள்ள மனசு உடைஞ்சிரும். போற வழியில பேட்டையில எஞ்சின் ஆயிலை மாத்திருங்க. டர்போ வண்டி, பாத்து ஊத்தணும்" என்றார்.

எண்ணெய் வியாபாரியிடமே எண்ணெய் பார்க்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பேட்டையில் உதிரிபாகக் கடை அண்ணாச்சி இரண்டு டப்பாக்களைத் திறந்து காட்டினார். நான் இரண்டிலும் விரலை விட்டு, உள்ளங்கையில் தேய்த்து, மோந்து பார்த்தேன். (நாக்கில் வைக்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.) எங்கள் கடையில் அப்படித்தான் பார்ப்போம். தண்ணீராக ஓடினால் கலப்படம், கொழகொழவென்று நின்றால் அசல்.

"கெட்டியா இருக்கே, இதைக் குடுங்க."

"தம்பி, அது பழைய லாரிக்கு ஊத்துதது. டர்போ பம்பரமா சுத்தும், எண்ணெய் சட்டுனு ஓடிப் போய்ச் சேரணும். அதுக்குன்னு உள்ளது இந்த இளக்கமானதுதான்."

"மூணு தலைமுறையா எண்ணெய் விக்கோம் அண்ணாச்சி. எங்களுக்கே சொல்லுதியளா?"

அவர் தலையை ஆட்டியபடி கெட்டி டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பக்கத்துப் பட்டறை மெக்கானிக்கும் தயங்கினார். ஊற்றத்தான் வேண்டும் என்று நின்று ஊற்ற வைத்தேன்.

ஜங்ஷனில் மாப்பிள்ளையும் அவர் அப்பா அம்மாவும் ஏறினார்கள். சேரன்மகாதேவி வருவதற்குள் எஞ்சின் விசிலடிக்க ஆரம்பித்தது. டர்போ என்றால் அப்படித்தான் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். வீரவநல்லூரில் பார்த்தால், பின்னால் வந்த பஸ்ஸைக் காணோம். (பஸ் இருந்தது. எங்கள் நீலப் புகையில் தெரியவில்லை.)

"நிப்பாட்டிப் பாப்போமா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நேரம் போயிரும்" என்று இன்னும் மிதித்தேன். இந்தச் சம்பந்தமும் முறிந்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

கல்லிடைக்குறிச்சி தாண்டி, ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் கார் நின்றது. இரண்டு பக்கமும் பஸ்கள் ஹாரன் அடித்தன. மாப்பிள்ளை இறங்கினார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். தள்ளினார். அவர் அப்பாவும் தள்ளினார். நான் மானம் போனபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். பாலத்தைத் தாண்டியதும் ஒரு ஆட்டோ பிடித்தோம்.

வீட்டில் காபி கொண்டுவந்த பெண், மாப்பிள்ளையின் கறுத்த கைகளைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு, சோப்பும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்து வந்தாள்.

"அத்தானா வண்டி ஓட்டுனாவ?"

"ஆமா. மிச்சத்தை நாங்க ஓட்டுனோம்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அடுத்த மாதமே நிச்சயம் நடந்தது. டர்போவை மட்டும் யாராலும் காப்பாற்ற முடியவில்லை, புதிதுதான் போட வேண்டியதாயிற்று. மாமனார் அதன்பின் என் கையில் சாவி கொடுத்ததே இல்லை.

அந்த மாப்பிள்ளை இன்று என் சகலை. இப்போதும் நான் ஓட்டும் காரில் ஏறுமுன் நின்று, நிதானமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும் சகலை" என்பார்.